தோல் பதனிட்ட கைகள்: அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி)

ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி கொடுத்து முடித்ததும் நம் கவனமெல்லாம் கறியைப் பங்கு வைப்பதில் போய்விடும். தோல் ஓர் ஓரமாகக் கிடக்கும். மதரஸாவிலிருந்து பிள்ளைகள் வந்து எடுத்துப் போவார்கள். அவர்கள் வரச் சற்றுத் தாமதமானால் வாடை தாங்காமல் நாமே போன் செய்து கூப்பிடுவோம். அந்தத் தோலைக் கையால் தொட்டு, ஒட்டியிருக்கும் சதையையும் ரோமத்தையும் நீக்கி, நாள்கணக்கில் ஊறவைத்து, தேய்த்துத் தேய்த்து ஒரு செருப்புக்கோ தண்ணீர்த் துருத்திக்கோ ஆகும்படி மாற்றுகிற வேலையை நம் வீட்டில் யாராவது செய்வார்களா என்று கேட்டால் முகத்தைச் சுளிப்போம்.

முஃமின்களின் அன்னையரில் ஒருவர் அந்த வேலையைத்தான் செய்தார்கள். வேறு வழியில்லாமல் செய்ததும் அல்ல. குறைஷிகளின் தலைவர் அப்துல் முத்தலிபின் பேத்தி, நபி (ஸல்) அவர்களின் துணைவி என்ற நிலையில் இருந்துகொண்டே செய்தார்கள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் பெயரைக் கேட்டதும் அவர்களுடைய திருமணத்தைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். பயான்களிலும் அதுவே வருகிறது. அந்தக் கைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. இந்தக் கட்டுரையில் அதைத்தான் சற்று விரிவாகப் பார்க்கிறோம்.

அன்னையவர்களின் தந்தை ஜஹ்ஷ், அஸத் குலத்தைச் சேர்ந்தவர். தாயார் உமைமா, அப்துல் முத்தலிபின் மகள். அதாவது நபி (ஸல்) அவர்களுக்கு மாமி. ஆக, ஸைனப் (ரலி) அவர்கள் நபியவர்களுக்கு மாமி மகள். முதலில் அவர்களுக்கு இருந்த பெயர் பர்ரா. புண்ணியவதி என்று பொருள்படும். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது போல இருக்கிறதென்று நபியவர்கள்தாம் அதை ஸைனப் என்று மாற்றினார்கள். சகோதரர் அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் (ரலி) உஹதுப் போரில் ஷஹீதானார்கள். இன்னொரு சகோதரர் அபூ அஹ்மத் (ரலி), பார்வையற்றவர். தங்கை ஹம்னா (ரலி). குடும்பமே மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தது.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் தம் மாமி மகளை ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களுக்கு மணமுடிக்க விரும்பினார்கள். ஸைத் (ரலி) சிறுவயதில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர்கள். நபியவர்கள் அவர்களை விடுதலை செய்து மகன் போல வளர்த்தார்கள். ஆனாலும் குறைஷிகளின் கண்ணுக்கு அவர் விடுதலையான அடிமைதான். ஸைனபின் வீட்டார் தயங்கினார்கள். பிறகு, அல்லாஹ்வும் அவன் தூதரும் ஒரு காரியத்தை முடிவு செய்துவிட்டால் முஃமின்களுக்கு வேறு விருப்பம் இருக்கக் கூடாது என்ற கருத்துள்ள வசனம் இறங்கவே சம்மதித்தார்கள். குலப்பெருமையின் வேரில் கைவைத்த திருமணம் அது. ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஸைத் (ரலி) வந்து முறையிடுவதும், மனைவியை விட்டுவிடாதே என்று நபியவர்கள் சொல்லி அனுப்புவதுமாகச் சில காலம் போயிற்று. இறுதியில் தலாக் ஆனது.

இத்தா முடிந்த பிறகு நபியவர்களுக்காகப் பெண் கேட்டுச் சென்றது யார் தெரியுமா? அதே ஸைத் (ரலி) அவர்கள்தாம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஸைனப் (ரலி) மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். ஸைதுக்கு அவர்களை ஏறிட்டுப் பார்க்கவே முடியவில்லை. முதுகைத் திருப்பி நின்றுகொண்டு செய்தியைச் சொன்னார்கள். என் இறைவனிடம் கேட்காமல் நான் எதுவும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு அன்னையவர்கள் தொழுமிடத்துக்குப் போய்விட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. வளர்ப்பு மகன் சொந்த மகன் ஆகமாட்டான், அவன் விவாகரத்துச் செய்த பெண்ணை மணப்பது குற்றமல்ல என்ற சட்டம் இந்தத் திருமணத்தின் வழியாகவே நிலைநாட்டப்பட்டது. ஸூரத்துல் அஹ்ஸாபில் ஸைதின் பெயர் சொல்லியே அது வருகிறது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு நடந்ததாகப் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அப்போது அன்னையவர்களுக்கு வயது சுமார் 35. வலீமாவில் ஓர் ஆடு அறுத்து ரொட்டியும் இறைச்சியுமாக விருந்து கொடுத்தார்கள். மற்ற மனைவியர் எவருக்கும் நபியவர்கள் அவ்வளவு பெரிய விருந்து வைத்ததில்லை. அந்த விருந்தில் சாப்பிட்டு முடித்த பிறகும் சிலர் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்ததும், அதையொட்டி ஹிஜாப் பற்றிய வசனம் இறங்கியதும் நாம் அறிந்ததே.

இனி அந்தக் கைகளுக்கு வருவோம்.

ஹதீஸ்களில் போகிற போக்கில் ஒரு காட்சி வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் ஸைனப் (ரலி) அவர்களின் வீட்டுக்குள் வருகிறார்கள். அப்போது அன்னையவர்கள் ஒரு தோலைத் தேய்த்துப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அந்த அறிவிப்பில் தோலுக்கு வரும் அரபுச் சொல் மனீஆ. ஹதீஸ் விளக்கவுரை எழுதிய அறிஞர்கள் இந்த இடத்தில் நின்று விளக்கம் சொல்கிறார்கள். பதனிடத் தொடங்கிய நிலையில் தோலுக்குப் பெயர் மனீஆ. பாதி பதப்பட்டால் அஃபீக். முழுதாகப் பதப்பட்டுவிட்டால் அதீம். ஒரே பொருளுக்கு மூன்று கட்டத்தில் மூன்று பெயர் வைத்திருக்கிற மக்களிடம் அந்தத் தொழில் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும்! நபியவர்கள் உள்ளே வந்தபோது அன்னையவர்களின் கையில் இருந்தது முதல் கட்டத்துத் தோல். வேலையிலேயே அழுக்கும் நாற்றமும் அதிகமான கட்டம் அது.

பதனிட அரபுகள் பயன்படுத்தியது கரழ் என்பதை. நபியவர்கள் ஒருமுறை செத்த ஆட்டை இழுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்து, அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது தானாகச் செத்தது என்று அவர்கள் சொன்னபோது, தண்ணீரும் கரழும் அதைத் தூய்மையாக்கிவிடும் என்று விளக்கினார்கள். பதனிட்ட தோல் பாக் ஆகிவிடும் என்ற சட்டத்துக்கு இது ஓர் ஆதாரம். நம் ஊர் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் எந்தெந்தப் பிராணிக்கு விலக்கு என்பதில் மட்டும் வேறுபடுகிறார்கள்.

இந்தக் கரழ் நமக்கு அன்னியமான பொருள் அல்ல. நம் ஊர்க் கண்மாய்க் கரைகளில் வெள்ளி முத்துக் கோத்தது போல நடுநடுவே சுருங்கிய காய்கள் தொங்க நிற்கிற நாட்டுக் கருவேலமும் அதே இனத்து மரம்தான். (சீமைக் கருவேலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு மரம்.) கருவேலங்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்புதான் தோலைப் பதப்படுத்துகிறது. காயை இடித்துத் தண்ணீரில் போட்டால் துவர்ப்புச் சத்து இறங்கும். அதில் தோலை ஊறவைத்துப் பிசையும்போது சத்து தோலின் நார்களோடு பிணைந்துகொள்கிறது. அதன்பின் தோல் அழுகாது. சும்மா ஊறப்போட்டால் மேலும் கீழும் மட்டும் சாறு ஏறி நடுவில் பச்சையாகவே நின்றுவிடும். அதனால்தான் தேய்ப்பதும் பிசைவதும் மிதிப்பதும். அன்னையவர்கள் செய்துகொண்டிருந்தது இந்த வேலையைத்தான்.

தோலுக்கு நிறம் வருவதும் இங்கேதான் தொடங்குகிறது. காயின் சாற்றில் பதனிட்டால் வெளிர் நிறமாக வரும். அதே மரத்தின் பட்டையைச் சேர்த்தால் சிவந்து கருக்கும். பதனிட்ட ஈரத்தோலை அப்படியே காயவிட்டால் பலகை போல விறைத்துவிடும். எனவே ஈரம் முழுதும் போவதற்குள் எண்ணெயோ கொழுப்போ தடவித் தேய்ப்பார்கள். எண்ணெய் ஏற ஏறத் தோல் மிருதுவாகும், நிறமும் ஒரு படி ஆழமாகும். அதிகமாகிவிட்டால் திட்டுத்திட்டாகக் கருத்துப்போகும். எவ்வளவு தடவுவது என்பது கைக்குத்தான் தெரியும், எழுதி வைக்க முடியாது. துவர்ப்பு ஏறிய தோலில் இரும்பின் துரு பட்டாலே கறுப்பாகிவிடும். கறுப்புத் தோல் செய்ய இதையே வழியாகக் கொண்டார்கள். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேரும், சாயத்தைப் பிடித்து நிறுத்தப் படிகாரமும் அரபு நாடுகளில் புழங்கின.

அந்தக் காலத்துத் தோலின் நிறங்கள் ஹதீஸ்களிலேயே காணக் கிடைக்கின்றன. மக்காவில் நபி (ஸல்) அவர்கள் சிவப்புத் தோலாலான கூடாரத்தில் தங்கியிருந்ததைக் கண்டதாக அபூ ஜுஹைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி நபியவர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பிய இரண்டு காலுறைகள் கறுப்பு நிறம். யமனிலிருந்து அலீ (ரலி) அனுப்பிய தங்கக் கட்டி வந்து சேர்ந்தது கரழில் பதனிட்ட ஒரு தோலில் பொதிந்து. ரோமம் நீக்கிப் பதனிட்ட செருப்புகளை இப்னு உமர் (ரலி) விரும்பி அணிந்தார்கள், நபியவர்கள் அணிந்ததைப் பார்த்ததால். தண்ணீர் வைக்க, தயிர் கடைய, மாவு வைக்க, படுக்க, எழுத என்று எதற்கும் தோல்தான். நபியவர்களின் படுக்கையே பேரீச்ச நார் திணித்த ஒரு தோல்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதையெல்லாம் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தாத்தா காலத்துத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் பதனிட்டு, பிறகு கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுத்ததை அங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆவாரம்பட்டைத் தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய்ச் சாறு அந்தச் சிவப்பை அடக்கி மஞ்சள் நிறத்தைக் காப்பாற்றும். அதன் பின் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ பூசிக் காயவைப்பார்கள். மரம்தான் வேறு, முறை ஒன்றுதான். இத்தனை முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த தொழில் இது. இருந்தும் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு நம் கல்யாண வீடுகளில் என்ன மரியாதை கிடைத்தது என்று கேட்டால் பதில் சொல்ல நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. கையில் ஏறிய கறையும் உடம்பில் ஏறிய வாடையும் லேசில் போகாது. அன்னையவர்களின் கைகளும் அப்படித்தானே இருந்திருக்கும்?

அன்னையவர்கள் தோலைப் பதனிடுவதோடு நிறுத்தவில்லை. பதப்பட்ட தோலை ஊசியால் துளையிட்டுத் தைக்கவும் செய்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு சொல்கிறது. கைத்தொழில் தெரிந்த பெண்மணி, அதில் கிடைத்ததை அல்லாஹ்வின் பாதையில் கொடுத்துவிடுவார் என்று அதில் வருகிறது. நபியவர்களின் வீடுகளில் தோல் வேலை தெரிந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. தங்கள் ஆடு ஒன்று செத்தபோது அதன் தோலைப் பதனிட்டு, நைந்துபோகும்வரை பேரீச்சம்பழம் ஊறவைக்கப் பயன்படுத்தியதாக ஸவ்தா (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. ஸைனப் (ரலி) அவர்களின் சிறப்பு, அதைச் சம்பாத்தியமாக்கி, அந்தச் சம்பாத்தியத்தில் தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாமல் இருந்ததுதான்.

அவர்களுக்கு அந்த வருமானம் தேவைப்பட்டதா? கைபர் வெற்றிக்குப் பின் நபியவர்கள் தம் மனைவியருக்கு ஆண்டுக்கு 100 வஸக் கொடுத்துவந்தார்கள். 80 வஸக் பேரீச்சம்பழம், 20 வஸக் வாற்கோதுமை. ஒரு வஸக் என்பது 60 ஸாஉ. பசியில்லாமல் வாழ அது போதும். கணவர் கொடுத்ததிலிருந்து ஸதகா செய்தாலும் நன்மை உண்டு. ஆனால் தம் கையால் உழைத்துக் கொடுக்க அவர்கள் விரும்பினார்கள் என்றே நாம் புரிந்துகொள்கிறோம்.

அவர்களை ஒரு குறையும் இல்லாத சாந்த சொரூபியாகக் காட்ட ஹதீஸ்கள் முயலவில்லை. மற்ற மனைவியரை உங்கள் வீட்டார் மணமுடித்துக் கொடுத்தார்கள், என்னையோ ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் மணமுடித்துக் கொடுத்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நபியவர்களின் அன்பில் ஆயிஷா (ரலி) அவர்களுக்குச் சமமாகப் போட்டியிட்டவர் இவர்தாம். இதைச் சொல்வதே ஆயிஷா (ரலி) அவர்கள்தாம். மார்க்கத்திலும் இறையச்சத்திலும் உண்மை பேசுவதிலும் உறவைப் பேணுவதிலும் தர்மத்திலும் ஸைனபை மிஞ்சிய பெண்ணை நான் கண்டதில்லை என்று சொல்லிவிட்டு, கூடவே, சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போயும்விடும் என்பதையும் மறைக்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது ஸைனப் (ரலி) அவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. தங்கை ஹம்னா, அக்காவுக்குப் பரிந்துகொண்டு அந்தப் பேச்சில் விழுந்துவிட்டார். போட்டியாளரைக் கீழே தள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நபியவர்களே ஸைனபிடம் ஆயிஷாவைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு வார்த்தை இழுத்துப் பேசியிருந்தாலும் போதும். என் காதையும் கண்ணையும் நான் காத்துக்கொள்கிறேன், ஆயிஷாவைப் பற்றி நல்லதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். பேணுதல் அவரைக் காப்பாற்றியது என்று ஆயிஷா (ரலி) காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வணக்கத்திலும் அப்படித்தான். பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதை நபியவர்கள் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். ஸைனபுடையது, நின்று தொழுது சோர்ந்துபோனால் பிடித்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். அவிழ்த்துவிடுங்கள், தெம்பு இருக்கும்வரை தொழுங்கள், சோர்ந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார்கள் நபியவர்கள். பகலெல்லாம் தோலோடு போராடிய கைகள்தாம் இரவில் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் தம் மனைவியரிடம், உங்களில் கை நீளமானவரே எனக்குப் பின் முதலில் என்னை வந்து சேர்வார் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் ஒரு குச்சியை எடுத்துக் கைகளை அளந்து பார்த்தார்கள். உயரமானவர்களான ஸவ்தா (ரலி) அவர்களின் கைதான் நீளமாக இருந்தது. ஸைனப் (ரலி) குள்ளமானவர்கள். அவர்களை யாரும் நினைக்கவேயில்லை. ஹிஜ்ரி 20இல் அவர்கள் முதலில் இறந்தபோதுதான், நீளமான கை என்றது கொடுக்கும் கையை என்று மற்றவர்களுக்குப் புரிந்தது. தம் கையால் வேலை செய்து தர்மம் செய்தவர் அவர் என்றே ஆயிஷா (ரலி) காரணம் சொல்கிறார்கள்.

அந்தக் கடைசி ஆண்டில் நடந்ததை இப்னு ஸஅத் தமது தபகாத்தில் பதிவு செய்திருக்கிறார். கலீஃபா உமர் (ரலி) நபியவர்களின் மனைவியருக்கு உதவித்தொகை நிர்ணயித்து ஸைனப் (ரலி) அவர்களுக்கு 12,000 திர்ஹம் அனுப்பினார்கள். குவியலைப் பார்த்ததும், எல்லாருக்கும் பங்கிட அனுப்பியிருக்கிறார் போலும், என்னைவிட நன்றாகப் பங்கிடுகிறவர்கள் இருக்கிறார்களே என்றார்கள் அன்னையவர்கள். முழுதும் உங்களுக்குத்தான் என்று சொன்னபோது அதைக் கண்ணாலும் பார்க்க விரும்பாமல் ஒரு துணியைப் போட்டு மூடச் சொன்னார்கள். அங்கிருந்த பர்ஸா பின்த் ராஃபிஉ என்ற பெண்மணியைத் துணிக்குள் கைவிட்டுப் பிடிப் பிடியாக எடுத்து இன்ன குடும்பத்துக்கு, இன்ன அநாதைக்கு என்று கொடுத்தனுப்பச் சொன்னார்கள். எங்களுக்கும் இதில் உரிமை உண்டல்லவா என்று கடைசியில் பர்ஸா கேட்க, துணிக்கடியில் இருப்பது உங்களுக்கு என்றார்கள். தூக்கிப் பார்த்தால் 85 திர்ஹம். பிறகு கைகளை உயர்த்தி, உமருடைய அடுத்த ஆண்டுத் தொகை என்னை வந்தடைய வேண்டாம் என்று துஆ செய்தார்கள். செய்தி கேள்விப்பட்ட உமர் (ரலி) வாசலுக்கே வந்து ஸலாம் சொல்லி, கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று இன்னும் 1000 திர்ஹம் அனுப்பினார்கள். அதுவும் அப்படியே போயிற்று.

அந்த ஆண்டே வஃபாத்தானார்கள். வயது 53 என்று ஓர் அறிவிப்பு. கஃபனைத் தாமே முன்கூட்டித் தயார் செய்து வைத்திருந்தார்கள். உமரும் கஃபன் அனுப்புவார், இரண்டில் ஒன்றை ஸதகா செய்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். உமர் (ரலி) அனுப்பியதில் அடக்கிவிட்டு, அக்கா வைத்திருந்ததைத் தங்கை ஹம்னா தர்மமாகக் கொடுத்தார்கள்.

ஜனாஸாவைத் தூக்கும்போது பெண்ணின் உடலமைப்பு வெளியே தெரியக்கூடாதே என்ற கவலைக்கு வழி சொன்னவர்கள் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி). அபிசீனியாவில் பார்த்தபடி சந்தூக்கின் மேல் கூடு போலக் கட்டித் துணி போர்த்திக் காட்டினார்கள். உமர் (ரலி) அதை மிகவும் மெச்சினார்கள். இந்த அஸ்மாவும் தோல் பதனிட்டவர்தான். முஅத்தா போரில் கணவர் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தியோடு நபியவர்கள் வீட்டுக்கு வந்த நாளில், அவர்கள் 40 தோல்களைப் பதனிட்டு, மாவு பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

அன்று கடும் வெயில். குழி வெட்டுகிறவர்கள் தவிப்பதைப் பார்த்து உமர் (ரலி) கப்ரின் மேல் கூடாரம் போடச் செய்தார்கள். பகீஉவில் கப்ருக்கு மேல் போடப்பட்ட முதல் கூடாரம் அது. பார்வையற்ற அண்ணன் அபூ அஹ்மத் அழுதுகொண்டே சந்தூக்கைச் சுமந்து வந்தார்கள். கூட்டத்தில் இடிபட்டுவிடுவீர்கள், விலகி வாருங்கள் என்று உமர் (ரலி) சொல்ல, எங்களுக்கு எல்லா நன்மையும் இவளால்தான் வந்தது என்று சொல்லி விட மறுத்துவிட்டார்கள். தொழுகையை உமர் (ரலி) நடத்தினார்கள். கப்ருக்குள் யார் இறங்குவது என்று நபியவர்களின் மனைவியரிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். உயிரோடு இருந்தபோது அவரிடம் போய்வர அனுமதி உள்ளவர்களே இறங்கட்டும் என்று பதில் வந்தது. அண்ணன் மகன், தங்கை மகன் ஆகியோரோடு இறங்கியவர்களில் உஸாமா (ரலி) ஒருவர். ஸைத் இப்னு ஹாரிஸாவின் மகன்.

அன்னையவர்கள் ஒரு திர்ஹமோ தீனாரோ விட்டுச்செல்லவில்லை. விட்டுப்போனது பள்ளிவாசலை ஒட்டியிருந்த வீட்டை மட்டும்தான். பின்னாளில் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் மஸ்ஜிதுந் நபவியை இடித்து விரிவாக்கியபோது, வாரிசுகளிடமிருந்து அதை 50,000 திர்ஹத்துக்கு வாங்கினார்.